ஆகாயத்திலே பின்வரிசை

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள ஊர்களிலே, வெளிநாடு சென்று வந்தவர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது இன்று அரிது. கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம், எங்கே போனாலும் தோஹா, றியாத், குவைத் என்னும் பெயர்கள் ஹபரணை, தம்புள்ளை என்னும் பெயர்களைப் போலவே சாதாரணமாகப் பேச்சில் வந்து விழுகின்றன. ஆயினும் ஒரு புதுமை. வந்தவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வேலை செய்த வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். கொண்டுவந்த பெட்டியை நடுவீட்டில் வைத்து அவிழ்க்கிறார்கள். இடையிலே ஆகாயத்தில் கழிந்த அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி மாத்திரம் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், "அதிலே என்ன கிடக்கு? ஏறினது, இறங்கினது" என்பார்கள். அதிலே நிறையக் கிடக்கிறது என்பது என் எண்ணம். இப்பகுதியை வாரந்தோறும் படிக்கும் அன்பர்கள் இவ்வாரம் என்னோடு சிறிது நேரம் அந்தப் பின்வரிசையில் வந்து அமரும்படி வேண்டுகிறேன்.

ஆகாய விமானம் நம்மூருக்குப் புதியதன்று. சீனன்குடாவிலே ஓடுபாதை இருக்கிறது. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேல் குண்டு பொழிய வந்தபோது, அவற்றை எதிர்க்கப் பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள் அங்கிருந்தே கிளம்பின. 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தையும் விமானத் தளத்தையும் இலங்கையிடம் கையளித்துப் போயினர். இன்று அவ்விடம் விமானப்படையினரின் பயிற்சிக் கழகமாக விளங்குகிறது. ஆனால் வேலை தேடிக் கடல் கடக்கும் நம்மவரோ, அந்த ஓடுபாதையை முதுகுப்புறம் விட்டுவிட்டு, இரவு பஸ்ஸிலோ இரவுப் புகையிரதத்திலோ ஏறி, தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர் உருண்டு, கட்டுநாயக்காவை அடைய வேண்டியிருக்கிறது. ஆகாயப் பிரயாணத்தின் முதற் களைப்பு தரையிலேயே ஏற்பட்டுவிடுகிறது.

விமானத்திற்குள்ளே முன்பகுதி, பின்பகுதி என்ற பேதம் எப்பொழுது உண்டாயிற்று என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. கப்பல்களிலே அது பழைய வழக்கம். மேல்தட்டில் ஒரு வகுப்பு, அடித்தளத்தில் ஒரு வகுப்பு. விமானமோ தொடக்கத்திலே அத்தகைய பேதத்துக்கே இடமில்லாத அளவு சிறியதாயிருந்தது. யுத்த காலத்தில் நம் தீவின் தென்கரையிலுள்ள கொக்கலை வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே, 1943 முதல் 1945 வரை, குவான்ரஸ் கம்பனி கற்றலினா என்னும் நீர்விமானங்களை இடைநில்லாது ஓட்டியது. ஏறத்தாழ முப்பது மணி நேரம் செல்லும். ஒரே பிரயாணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் காணலாம் என்பதால், அவ்வாறு சென்றவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயரிலே ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். எரிபொருளின் பாரத்தினால் அதில் ஏற்றக்கூடியவர்கள் மூன்றே மூன்று பிரயாணிகள். மூன்று பேருக்குள் முதலாம் வகுப்பு எது, மூன்றாம் வகுப்பு எது?

யுத்தம் முடிந்து விமானங்கள் பெருத்த பிறகுதான் வகுப்புப் பிரிந்தது. 1952 இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் சேவைகளில் உல்லாசப் பிரயாணிகளுக்கென மலிவு வகுப்பொன்று வந்தது. 1958 இலே அதனினும் மலிவான சிக்கன வகுப்பு வந்தது. அந்த வகுப்பினருக்குச் சூடான உணவு கொடுத்தலாகாது, எளிய சான்ட்விச் மாத்திரமே கொடுக்கலாம் என்று சர்வதேச விமானக் கம்பனிகளின் சங்கம் விதி செய்தது. மலிவாகப் போகிறவன் மலிவாகத்தான் உண்ண வேண்டும் என்பது அதன் கருத்து! ஐரோப்பியக் கம்பனிகள் சில, ஒரு துண்டு ரொட்டியின்மேல் இறைச்சியும் பாற்கட்டியும் மீனுமாக அடுக்கி, அதற்குச் சான்ட்விச் என்று பெயர் சூட்டிப் பரிமாறின. அமெரிக்கக் கம்பனியொன்று முறைப்பாடு செய்தது. பெரிய மனிதர்கள் லண்டனிலே கூடி, சான்ட்விச் என்றால் என்ன என்று விவாதித்தார்கள். ஸ்கந்தினேவியக் கம்பனிக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. பின்வரிசைக்காரனுக்கு எவ்வளவு மரியாதை செய்யலாம் என்ற கேள்விக்காக நடந்த சண்டை அது என்பதை நினைக்கும்போது, சிரிப்போடு வேறொன்றும் வருகிறது.

பின்னர் 1970 ஆம் ஆண்டு சனவரியில் போயிங் 747 என்னும் பேருரு விமானம் ஓடத் தொடங்கியது, ஆசனங்கள் பெருகின. 1973 இலே எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளிலே பணம் பெருகிற்று, வேலைக்கு ஆள் தேடினார்கள். மலிவான ஆசனமும் தொலைதூர வேலையும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்ததால் அல்லவா நம் தெருக்களில் இன்று இத்தனை பெட்டிகள் அவிழ்க்கப்படுகின்றன!

இனி என் பிரயாணத்துக்கு வருகிறேன். பாடசாலை விடுமுறையொன்றில், லண்டனிலே வாழும் என் தமக்கையாரைக் காணச் சென்றேன். வளைகுடா நகரொன்றில் இறங்கி வேறு விமானம் மாறிச் செல்லும் வழி. அந்நிய நாட்டுக் கம்பனி. பெயர் இங்கே வேண்டியதில்லை.

விமானத்துக்குள் புகுந்ததும் நம்மை முன்பகுதி வழியாகவே நடத்திச் செல்கிறார்கள். கட்டிலாக விரியும் ஆசனங்களையும், அவற்றிலே காலை நீட்டிப் பழரசம் அருந்துவோரையும் கண்குளிரக் கண்டுகொண்டே நடக்க வேண்டும். பிறகு ஒரு திரைச்சீலை. அதற்கப்பால் நம் உலகம். வரிசைக்குப் பத்து ஆசனங்கள்: மூன்று, நான்கு, மூன்று. ஒரு ஆசனத்தின் முதுகிலிருந்து அடுத்த ஆசனத்தின் முதுகு வரை 31 அல்லது 32 அங்குலம். அகலம் 17 அங்குலத்தைச் சிறிது தாண்டும். என் முழங்கால்கள் இரண்டும் முன்னாசனத்தோடு உறவு கொண்டாடின. முன்னாலிருந்த கனவான் ஆசனத்தைச் சாய்த்த மாத்திரத்தில் அவருடைய வழுக்கைத் தலை என் மடியிலே வைத்துப் பார்க்கத்தக்க தூரத்தில் வந்தது. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவருக்கு முன்னாலிருந்தவர் சாய்ந்தார்; ஆகவே அவரும் சாய்ந்தார். நம் இரவுப் புகையிரதத்தின் மூன்றாம் வகுப்பிலாவது எழுந்து வாசலில் நின்று கல்லோயாக் காற்றை வாங்கலாம். இங்கே அதுவும் இயலாது.

என் பக்கத்து ஆசனத்திலே மூதூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கலாம். வீட்டு வேலைக்காக இரண்டாம் முறை போகிறார். கடவுச்சீட்டும் கடிதங்களும் அடங்கிய பிளாஸ்ரிக் உறையை மார்போடு அணைத்தபடியே இருந்தார். விமானம் மேலெழுந்து நிலைகொண்டதும் பணிப்பெண் உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, கோழியா மீனா என்று ஆங்கிலத்தில் வினவினாள். இவர் ஒரு புன்சிரிப்போடு தலையை அசைத்து வேண்டாம் என்று விட்டார். வண்டி நகர்ந்தது. என் தட்டத்தைத் திறந்தேன். பக்கத்தில் ஒருவர் உண்ணாதிருக்க எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"ஏன் தங்கச்சி, சாப்பாடு வேண்டாம் எண்டிட்டீங்கள்? உடம்புக்குச் சரியில்லையோ?"

"இல்லை ஐயா. நேற்று இராத்திரி ஹபரணையிலே ஒரு பனிஸ் திண்டது. அது காணும்."

"நேற்றுத் திண்டது இண்டைக்குக் காணுமோ?"

சற்றுத் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கையிலே கொஞ்சக் காசுதான் ஐயா கிடக்கு. முந்தி ஒருக்கா வேற பிளேனிலே போனனான். அதிலே தண்ணிப் போத்தலுக்கும் காசு வாங்கினவங்கள். இவங்கள் சோத்துக்கு எவ்வளவு கேட்பாங்களோ தெரியாது" என்றார்.

அவர் சொன்னதில் தவறொன்றுமில்லை. மலிவு விமானங்கள் என்று ஒரு வகை உண்டு. அவற்றில் சீட்டுக்குத் தனி விலை, சோற்றுக்குத் தனி விலை, பெட்டிக்குத் தனி விலை. மற்றக் கம்பனிகளிலே உணவும் தண்ணீரும் சீட்டின் விலைக்குள்ளே அடக்கம். எது எந்த வகை என்று அவருக்குச் சொல்வார் யார்? சீட்டை எடுத்துக் கொடுத்த முகவர் சொல்லவில்லை. விமானத்திலே சொன்னார்களோ என்னவோ, சொன்ன பாஷை அவருடையதன்று.

"இது நீங்கள் குடுத்த சீட்டுக் காசுக்குள்ளே சேர்ந்தது, தங்கச்சி. அவையள் சும்மா தரயில்லை" என்று கூறி, தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தினேன். பணிப்பெண் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்திலே உண்மையான வருத்தம் தோன்றிற்று. சூடான தட்டத்தைக் கொண்டுவந்து, தானே மூடியைத் திறந்து, ரொட்டித் துண்டொன்றையும் கூடுதலாக வைத்துவிட்டுப் போனாள். கென்யா தேசத்தவள். பின்னர் ஓய்வாக நின்றபோது பேச்சுக் கொடுத்தேன். ஊரிலே தம்பிமார் இருவரின் படிப்புச் செலவு தன் சம்பளத்தில்தான் நடக்கிறது என்றாள். பரிமாறியவளும் உண்டவரும் ஒரே காரணத்துக்காக ஊரைவிட்டு வந்தவர்களே. இன்னும் சில மணி நேரத்தில் பிறர் வீட்டுக் குசினிக்குள் நுழையப் போகிறவருக்கு, இரண்டு வருஷத்தில் இன்னொருவர் எடுத்துப் பரிமாறிய சோறு அது ஒன்றாகவே இருந்திருக்கவும் கூடும். அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பாற்கட்டியை மாத்திரம் முகர்ந்து பார்த்து என்னிடம் தந்துவிட்டார்.

சோறு கிடக்கட்டும்; ஒரு வேளை பட்டினியால் உயிர் போய்விடாது. அதே பாஷை விஷயம் உயிரைத் தொடுவதும் உண்டு. புறப்படுமுன் உயிர்காப்பு அங்கியை அணிவது எவ்வாறு என்று காட்டினார்கள். அறபிலும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள். என் வரிசையிலும் முன்பின் வரிசைகளிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழோ சிங்களமோ பேசுபவர்கள். படத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாமே என்பார்கள். அணிவது படத்தில் விளங்கும். எப்போது ஊதலாகாது என்பது சொல்லினாலன்றோ விளங்கும்!

1996 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி எதியோப்பிய விமானமொன்று கடத்தப்பட்டு, எரிபொருள் தீர்ந்து, கொமோரோ தீவுகளின் கரையோரக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 175 பேரில் 125 பேர் மாண்டனர். வீழ்ச்சியில் உயிர் தப்பியவர்களிலும் பலர் அங்கியை விமானத்துக்குள்ளேயே ஊதிவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஏறியபோது அந்த அங்கியே அவர்களைத் தூக்கிக் கூரையோடு ஒட்ட வைத்துவிட்டது. கீழே முழுகி வாசல் வழியே வெளிவர இயலவில்லை. துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கவிழ்ந்த தோணிக்கு அடியிலிருந்து தப்ப வேண்டுமானால் முதலில் இன்னும் ஆழமாக முழுக வேண்டும். மார்பிலே காற்றுப் பையைக் கட்டியவன் எப்படி முழுகுவான்? "விமானத்தை விட்டு வெளியேறும்போதே ஊத வேண்டும், உள்ளே ஊதாதீர்கள்." தமிழில் இதைச் சொல்லப் பத்து வினாடி செல்லுமா?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆம் ஆண்டு சனவரி 2 ஆம் திகதி தோக்கியோவின் ஹனெடா நிலையத்தில் யப்பான் ஏயர்லைன்ஸ் விமானமொன்று இறங்கும்போது வேறொரு விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. அந்தப் பிரயாணி விமானத்திலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினர். கைப்பொதிகளை விட்டுவிட்டு வரும்படி சொல்லப்பட்டது, விட்டுவிட்டு வந்தார்கள். சொன்னது விளங்கியது என்பதுதான் அதிலே முக்கியம்.

உணவைப் பற்றி இன்னும் ஒன்று உண்டு. சைவ அன்பர்கள் கவனிக்க வேண்டியது. விமானக் கம்பனிகளின் பட்டியலில் 'இந்து உணவு' என்று ஒன்றைக் காணலாம். பெயரைக் கண்டு மரக்கறி என்று நம்பிவிட வேண்டாம். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இராது என்பதே அதன் பொருள்; கோழியோ ஆட்டிறைச்சியோ மீனோ வரக்கூடும். எமிரேட்ஸ் கம்பனி 2018 யூலையில் அந்த வகையை நிறுத்துவதாக அறிவித்து, பிரயாணிகள் குரல் எழுப்பவே, உடனே மனம் மாற்றிக்கொண்டது. மரக்கறி மாத்திரம் உண்போர் 'ஆசிய மரக்கறி உணவு' என்று கேட்க வேண்டும். புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லி வைக்க வேண்டும். நான் அவ்வாறே சொல்லி வைத்தேன். பருப்பும் சோறும் வந்தன. உப்பில்லாததுபோல் தோன்றிற்று. அது சமையற்காரரின் குற்றமன்று. விமானத்துக்குள்ளே காற்றின் அமுக்கம் ஆறாயிரம் முதல் எண்ணாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பதற்கு ஒப்பானது. நுவரெலியா நகருக்கும் பீதுருதாலகாலை உச்சிக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்து உண்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அத்தோடு ஈரமின்மை வேறு. ஆடி மாதத்துக் கச்சான் காற்று நம்மூரில் உதட்டை வெடிக்கச் செய்யுமே, விமானத்துக் காற்று அதனினும் வறட்சியானது. மூக்கு வறண்டால் உப்பும் இனிப்பும் மங்கிப் போகும். ஆகையால் தண்ணீரைத் தயங்காமல் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். மணிக்கொரு முறை எழுந்து நாலடி நடக்க வேண்டும். காலை மடக்கியே வைத்திருந்தால் காலின் நாளத்தில் இரத்தம் உறைவதுண்டு என வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள்.

பெட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையின்படி, பெட்டி சிதைந்து வந்தால் கையேற்ற ஏழு நாட்களுக்குள்ளும், தாமதித்து வந்தால் கைக்குக் கிடைத்த இருபத்தொரு நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்பே அங்குள்ள அலுவலகத்தில் பதிந்துகொள்வது புத்தி. சீட்டில் ஒட்டித் தரும் சிறு துண்டைப் பலரும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெட்டிக்கு உறுதி அதுவே.

ஊர் திரும்பியதும் இவற்றை மாணவர்களிடம் சொன்னேன். தரம் பத்து மாணவர்கள் கூடி, ஒரே பக்கத்தில் அடங்கும்படி தமிழில் எழுதினார்கள். எந்தச் சீட்டில் உணவு அடக்கம், எதில் இல்லை என்று முகவரிடம் கேட்டுக்கொள்ளவும். தலைக்கு மேலுள்ள பொத்தானை அழுத்தினால் காசு கேட்கமாட்டார்கள். அங்கியை உள்ளே ஊதலாகாது. அமர்ந்தவுடன் வாசல்வரை எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளவும். அவசரத்தில் பொதியை எடுக்கலாகாது. இவ்வளவுதான். ஒரு பையன் 'பாற்கட்டி பழகாதவர்க்கு நாறும்' என்றும் சேர்த்தான்; இடமின்மையால் அது நீக்கப்பட்டது. பிரதி எடுத்து அவரவர் அயலிலே பிரயாணத்துக்கு ஆயத்தமாகும் வீடுகளில் கொடுத்தார்கள்.

கம்பனிக்கும் நான் ஒரு கடிதம் எழுதினேன். கொழும்பிலிருந்து புறப்படும் விமானங்களிலே பாதுகாப்பு அறிவிப்பையாவது தமிழிலும் சிங்களத்திலும் ஒலிப்பதிவாகப் போடலாமே என்று கேட்டிருந்தேன். மரியாதையான பதில் வந்தது. அன்றன்று பணியிலிருப்போர் அறிந்த மொழிகளிலேயே மேலதிக அறிவிப்புகள் செய்யப்படுகின்றன என்றும், தமிழ் அறிந்த பணியாளர் அன்று அமையவில்லை என்றும், என் யோசனையைக் கவனத்தில் கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அதை வகுப்பிலே படித்துக் காட்டினேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், அந்த வேலைக்கு எவ்வளவு உயரம் வேணும்?" என்றாள்.

வளைகுடாக் கம்பனிகள் உயரத்தைப் பார்ப்பதைவிடக் கை எட்டுவதையே முக்கியமாகப் பார்க்கின்றன. பெருவிரலில் ஊன்றி நின்று கையை உயர்த்தினால் 212 சென்ரிமீற்றரைத் தொட வேண்டும். அதைச் சொன்னேன். இடைவேளை முடிந்து நான் மீண்டும் வகுப்புக்குள் போனபோது, கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரிலே வெண்கட்டியால் ஒரு கோடு கிழித்து 212 என்று எழுதப்பட்டிருந்தது. கோட்டுக்குக் கீழும் மேலுமாக ஏழெட்டு விரலடையாளங்கள் தெரிந்தன.